கணக்கு நோட்டும் குடவோலையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"மாணவர் மன்றங்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. சந்தோஷத்துக்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் உத்திரமேரூர் பக்கத்தில் மானாம்பதி. 2006இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். நான்கு வருஷமும் கல்லூரி பஸ்தான். சாயங்காலம் நாலே காலுக்கு பஸ் கிளம்பிவிடும். தமிழ் மன்றம், இசைக்குழு, நாடகக்குழு, போட்டோ கிளப் எல்லாம் நாலரை மணிக்குத்தான் கூடும். ஆகவே ஹாஸ்டல் மாணவர்களுக்கு இருந்த கல்லூரி வேறு, எங்களுக்கு இருந்த கல்லூரி வேறு. நோட்டீஸ் போர்டில் "அனைவரும் வருக" என்று எழுதியிருக்கும். அதை பஸ் ஜன்னல் வழியாகப் படித்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம்.

இரண்டாம் வருஷம் தமிழ் மன்றத்துக்குச் செயலாளராக வந்த அண்ணன் ஒரு காரியம் செய்தார். வாரக் கூட்டத்தைச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றினார். "டிபன் பாக்ஸோட வாங்கடா, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்" என்றார். அந்த வாரமே பஸ்ஸில் வரும் பதினைந்து இருபது பேர் உள்ளே வந்தோம். அதில் பாதிப் பேர் பெண்கள். அதுவரை "பொண்ணுங்களுக்கு மன்றத்துல இன்ட்ரஸ்ட் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இன்ட்ரஸ்ட் இருந்தது, நேரம்தான் இல்லை!

என்னையும் ஒருநாள் எழுப்பிவிட்டார். என்ன பேசுவது? எங்கள் ஊர் ஏரியைப் பற்றிப் பேசினேன். மதகை எப்போது திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வருவதில்லை என்று நாலு நிமிஷம். கால் நடுங்கியது நிஜம். ஆனால் எல்லாரும் கேட்டார்கள். இன்றைக்கு சைட்டில் மேஸ்திரிக்கும் சரி, மீட்டிங்கில் மேலதிகாரிக்கும் சரி, ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல எனக்கு வருகிறது என்றால், அந்த நாலு நிமிஷத்தில் ஆரம்பித்தது அது.

இது என் ஒருவன் கதை இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950களில் விமானப் பொறியியல் படித்த ராமேஸ்வரத்து மாணவர் ஒருவர், அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டார். நம்முடைய விமானத்தை நாமே செய்வோம் என்பது அவர் எழுதிய பொருள். முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசைக் கொடுத்தவர் அன்றைய ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். அந்த மாணவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். பிற்காலத்தில் 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். பொறியியல் கல்லூரிக்குத் தமிழ்ச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். வகுப்பில் படித்ததைத் தன் சொந்த மொழியில், தன் சொந்த யோசனையாகச் சொல்லிப் பார்க்க ஒரு இடம் வேண்டும். மன்றம் அந்த இடம்.

இனி சங்கடத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் வருஷம் நான் செயலாளர் ஆனேன். ஆட்டம் பாட்டம், பொங்கல் விழா, பட்டிமன்றம் என்று அமர்க்களப்படுத்தினோம். நான்காம் வருஷம் பதவியை அடுத்த செட்டுக்கு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "நான் இல்லாட்டி மன்றம் நடக்காது" என்று நினைத்தேன், வெளியிலும் அப்படியே சொன்னேன். கடைக்காரர்களிடம் நன்கொடை வாங்கியது நான். மைக் செட், பந்தல் எல்லாம் பேசியது நான். கணக்கு எழுதிய நோட்டும் என் கையில். கடைசிப் பரீட்சை முடிந்ததும் புத்தகங்களோடு சேர்த்து அந்த நோட்டையும் டிரங்குப் பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் நடந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. மைக் செட்காரருக்கு 1,800 ரூபாய் பாக்கி. அவர் கல்லூரிக்கு வந்து ஜூனியர்களைப் பிடித்திருக்கிறார். கையில் ரசீதும் இல்லை, கணக்கும் இல்லை. நாலைந்து பேர் பாக்கெட் மணியைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். "இந்த வம்பே வேண்டாம்" என்று மன்றத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். முழுசாக ஒரு வருஷம் கூட்டமே நடக்கவில்லை.

அந்தப் பணத்தைப் பிறகு கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த வருஷமும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் ஒரு பையனோ பெண்ணோ வந்திருப்பார்கள். எழுப்பிவிட ஆள் இல்லாமல், வாய் திறக்காமலே போயிருப்பார்கள். அதுதான் என் சங்கடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் செய்த தப்பு செய்யக் கூடாதது என்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷமாக அது அங்கே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்பதோடு நிறுத்திவிடுவோம். நானும் அந்த வழியாகப் போய் வந்துகொண்டிருந்தேனே தவிர, உள்ளே போய் நின்று பார்த்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமைத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருடைய பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது! மானாம்பதிக்காரனான நான் மட்டும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால், என்னோடு சேர்ந்து என் மாமா, மச்சான் எல்லாருக்கும் வாய்ப்புப் போயிருக்கும்.

அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் எழுதப்படவே வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பும் வேண்டும். வயது எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. மற்றது ஒன்றும் தேறாது. பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலையே இல்லை. கதவு குறுகல்தான். ஆனால் உள்ளே போனவர் காலம் முடிந்ததும் கணக்கை வைத்துவிட்டு வெளியே வர வேண்டும் என்ற சட்டம் கெட்டியானது. நம் மன்றங்களுக்குக் கதவு அகலமாக வேண்டும், அந்தச் சட்டமும் வேண்டும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதைப் பார்க்கலாம். 1823இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தில் தலைவர் பதவி ஒரே ஒரு பருவத்துக்குத்தான். வருஷத்துக்கு மூன்று பேர் மாறுகிறார்கள். இலங்கைத் தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர் 1959இல் அங்கே தலைவராக இருந்தார். பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க அவர்களுக்கு 1963 வரை ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் மன்றம் இருநூறு வருஷம் தாண்டி நிற்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் வளாகத்தில் என்.எஸ்.எஸ். இருக்கிறது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், ஆளுக்கொரு பதிவேடு என்று விதி இருக்கிறது. ஆகவே ஒரு வருஷம் ஆர்வமுள்ள ஆள் இல்லாவிட்டாலும் வண்டி ஓடுகிறது. தமிழ் மன்றத்துக்கு நாங்கள் விதி எழுதி வைக்கவில்லை. ஆளை நம்பி ஓட்டினோம். ஆள் போனதும் படுத்துவிட்டது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, வாரக் கூட்டத்தை பஸ் கிளம்புவதற்கு முன்னால் வையுங்கள். இரண்டு, பதவி ஒரு வருஷம் போதும். நீங்கள் நன்றாக நடத்தினீர்கள் என்பதற்கு அடையாளம் நீங்கள் நடத்திய விழா இல்லை, நீங்கள் போன பிறகு நடக்கிற விழா. மூன்று, வருஷக் கடைசியில் ஒரு கூட்டம் போட்டு, வரவு செலவு, பாக்கி, மைக் செட்காரர் போன் நம்பர் வரை எல்லாவற்றையும் அடுத்த செட்டு கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முன்னாள் மாணவர்களாகிய நம்மிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா மேடைக்கும் பேனருக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் ஒரு பஸ்ஸை ஆறு மணிக்கு விட டீசல் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அதையும் கொடுக்கலாமே. நாடக ஒத்திகைக்கும் பாட்டுப் பயிற்சிக்கும் இடைவேளை அரை மணி பத்தாது. என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நோட்டு இருந்தது. கொண்டு வந்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் கறையான் அரித்திருக்கிறது, கணக்கு முழுசாக இருக்கிறது. 1,800 ரூபாய் பாக்கியையும் அதை அடைத்த விவரத்தையும் கடைசிப் பக்கத்தில் எழிதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்றைய தமிழ் மன்றச் செயலாளர் தங்கை மேடைக்கு வந்து இதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரொம்பத் தாமதம்தான், மன்னிச்சுக்கோம்மா.