இருளர் கைத்திறனும் காட்டுரிமையும்



அத்திப்பட்டு என்றதும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் நிலக்கரி வண்டிகளுமே உங்கள் நினைவுக்கு வரக்கூடும். அவ்வூரையடுத்த கழியில், இடுப்பளவு நீரில் இறங்கி, வலையின்றி வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் மக்களும் உளர். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக் கொள்வார்கள். கைகள் இரண்டும் வேலைக்கு வேண்டுமல்லவா? அவர்களே இருளர். தமிழ்நாட்டின் தொல்பழங்குடிகள் ஆறனுள் ஒரு குடியினர்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்கிற்று. தேனெடுப்பதும் கிழங்ககழ்வதும் பிறர் அனுமதிக்குரிய செயல்களாயின. செங்கற்பட்டுப் பகுதி இருளர் பலர் தோல் வணிகருக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தனர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டது. தடை நல்லதே. ஆயினும் அன்று மாலை அடுப்பெரிய என்ன வழி என்பதை அச்சட்டத்தில் எவரும் எழுதவில்லை.

வழி 1978இல் பிறந்தது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்தையடுத்த வடநெம்மேலியில் அதனை இன்றும் காணலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசு உரிமத்துடன் பிடிக்கிறார்கள். மண்பானையில் வைத்துச் சில வாரங்கள் காத்து, சிலமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சு உலர்த்தப்பட்டு, குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட, அவற்றின் குருதியிலிருந்து விஷமுறி மருந்து உண்டாகிறது. திறமை பழையதுதான்; பாம்புதான் இப்போது உயிரோடு திரும்புகிறது! இக்குடியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. பயிரிட்டு வாழும் காட்டுநிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை பட்டா. அதுவும் கணவன் மனைவி இருவர் பெயரிலும். தேன், மெழுகு முதலிய சிறு வனப் பொருள்களின் மீது உரிமை. காட்டு நீர்நிலைகளின் மீன் மீதும் உரிமை. கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபையே. முதியோர் சொல்வதை எழுதிவைத்தால் அதுவும் ஒரு சான்றாகக் கொள்ளப்படும். இவ்விதியைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவனின் நினைவு வந்தது.

அவன் இருளர் வீட்டுப் பிள்ளை; கணக்கில் கெட்டிக்காரன். பழங்குடிச் சான்றிதழுக்காக அவன் தந்தை ஓர் அலுவலகத்துக்குப் பன்முறை நடந்தார். பாட்டனாரின் பள்ளிச் சான்று கேட்டார்களாம். பள்ளி வாசலையே மிதியாதவர் அப்பெரியவர்! எந்த ஓடையில் எந்தத் திங்களில் இறால் சேரும் என்று அவர் எனக்குக் கூறியதுண்டு. ஆனால் வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்துக்கே உரியது. காடென்று ஏட்டிலேறாத கழிக்கு அது எட்டாது. பையன் பத்தாம் வகுப்போடு நின்றான். சென்ற மாதம் பாலத்தின்மீது போகும்போது கண்டேன். வாயில் பறியுடன் நீரில் நின்றிருந்தான்.