அண்ணனை மறுபடியும் அழைப்பது ஏன்?



பெர்மாஸ் ஜெயாவில் குடியேறிவிட்ட நம் குடும்பங்களிலும், இன்னும் தோட்டத்து லயங்களிலிருக்கும் நம் உறவினர்களிடையிலும் எழக்கூடிய ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். இரத்தப் புற்றுநோய் கண்ட தம்பிக்கு அண்ணன் ஸ்டெம் செல் கொடுத்துவிட்டான். பிறகு எதற்காக ஆஸ்பத்திரியில் அவனை மறுபடியும் கூப்பிடுகிறார்கள்?

நம் நாட்டில் இந்தச் சிகிச்சை 1987-இல் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. இன்று அம்பாங் மருத்துவமனையிலும் நடைபெறுகிறது. மாற்றுவதற்கு முன் கடுமையான மருந்துகளால் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள். அதனோடு நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் போய்விடும். புதியவை முழு வலிமை பெறப் பல மாதங்கள் ஆகும்.

இந்த இடைவெளியில்தான் ஆபத்து. சிறுவயதில் சின்னம்மை கண்டவருக்கு முதுமையில் அக்கி எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உடலில் ஒளிந்திருந்த அதே கிருமிதான் எழுகிறது. அவ்வாறே சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டைன்-பார் வைரஸ் போன்றவை நம்மில் பலருடைய உடலில் உறங்குகின்றன. காவல் இல்லையென்றால் விழித்துக்கொள்ளும். முதலில் கான்சிக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்பார்கள். எல்லாக் கிருமிக்கும் மருந்து இல்லை; இருக்கும் மருந்தும் எல்லாருக்கும் பலிப்பதில்லை.

அண்ணனுடைய உடல் அந்தக் கிருமியோடு முன்பே போராடியிருந்தால், அதை அடையாளம் காணும் டி அணுக்கள் அவன் இரத்தத்தில் இருக்கும். அவற்றைத் தம்பிக்குச் செலுத்தலாமே! நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் அப்படித்தான் செய்தார்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸால் கட்டி வந்த 5 நோயாளிகளுக்குக் கொடையாளரின் வெள்ளை அணுக்களைச் செலுத்தி, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐவரிடமும் கட்டி கரைந்தது. ஆனால் இருவர் மூச்சுத் திணறி இறந்தனர். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

கொடையாளரின் அணுக்களை மொத்தமாகச் செலுத்தினால், அவற்றுள் சில நோயாளியின் தோலையும் ஈரலையும் குடலையுமே தாக்கலாம். ஆகவே நாற்றங்காலில் நல்ல செம்பனைக் கன்றை மட்டும் பொறுக்கி வளர்ப்பதுபோல, கிருமியைத் தாக்கும் அணுக்களை மட்டும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முற்பட்டார்கள். மெம்பிஸ் நகரத்துச் செயின்ட் ஜூட் மருத்துவமனையார் 1995-இல் அதில் கண்ட பலனை எழுதினார்கள். வேறு கொடையாளரிடமிருந்து முன்கூட்டியே தயாரித்து வைக்கும் டேபெலெக்லூசெல் என்ற அணு மருந்துக்கு 2022-இல் ஐரோப்பா அனுமதி அளித்தது. இவை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை, செலவும் அதிகம்.

இதற்காக அண்ணனுடைய எலும்பில் ஊசி போடுவதில்லை. கைநரம்பில் இரத்தம் எடுப்பார்கள். அல்லது இயந்திரத்தின் வழியே வெள்ளை அணுக்களைப் பிரித்துக்கொண்டு மற்றதைத் திரும்பச் செலுத்துவார்கள். "இனி மரம் வெட்டத் தெம்பு இருக்காது" என்று பாட்டிமார் சொல்லக்கூடும். கொடுத்த அணுக்களை உடல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும்.

தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திராமல், அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். அண்ணன் நீரிணையைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் என்றால், அவனுடைய தொலைபேசி எண்ணையும் அங்கே கொடுத்து வையுங்கள்.