ஏரிக்குள் மருந்துக்கடையா?



நம்ம பீர்க்கன்கரணை ஏரியை மூடும் ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. "இதிலே மருந்து கிடைக்குமா சார்?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். மடகாஸ்கர் தந்த நித்யகல்யாணியைச் சர்க்கரை நோய்க்காகச் சோதிக்கப்போய், கனடாவில் புற்றுநோய் மருந்தே கிடைத்தது. அறிவித்த ஆண்டு 1958.

ஆனால் இலையை எரிசாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு கிருமியைக் கொன்றவுடன் துள்ளாதீர்கள். எரிசாராயமே கிருமியைக் கொல்லுமே! அதை மட்டும் தோய்த்த வில்லை ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, ஆகாயத்தாமரை கழிவுநீரின் ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். எனவே உலோகச் சோதனை முதலில். மனித செல் தாங்குமா என்பது அடுத்து. மருந்துப் பேச்செல்லாம் அப்புறம்தான். அதுவரை வீட்டில் யாரும் கஷாயம் போட்டுவிடாதீர்கள்!