களத்துமேட்டுக்குப் பிந்திய கடன்

உழவுக்குக் கடன் என்றதும் நம் நினைவு விதை, உரம், நடவுக்கூலி என்றே ஓடுகிறது. இந்தப் பழக்கத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. மதராஸ் அரசுக்காக பிரடெரிக் நிக்கல்சன் 1890-களில் எழுதிய அறிக்கை, ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களைப் போல இங்கும் ஊர்தோறும் கடன் சங்கம் வேண்டும் என்றது. 1904-இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டே திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. இன்று தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. இது பெரிய சாதனை. ஆனால் அந்தக் கடன் களத்துமேட்டோடு நின்றுவிடுகிறது. தானியத்தைக் காயவைக்க, கல் நீக்க, உமி நீக்க, இருப்பு வைக்க, விற்ற பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கக் காசு போட ஆளில்லை. உள்ளூர் உணவு நலிந்ததற்கு நம் நாக்கு மாறிவிட்டதுதான் காரணம் என்று சொல்லிவருகிறோம். இந்த இடைவெளிக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் வாதம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பாருங்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. மலையை விட்டு இறங்கினால் ஜவ்வரிசி ஆலைகள். கிழங்கை வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. அந்த ஆலைக்காரர்களுக்குச் சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மூட்டையைக் கிடங்கில் வைத்துக்கொண்டு முன்பணம் தருகிறது, டெண்டரில் விற்றும் கொடுக்கிறது. சாமைக்கு இந்த அளவில் ஓர் ஏற்பாடு அமையவில்லை. உமியோடு இருக்கும்வரை சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி போனதும் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுக் காறத் தொடங்கும். ஆகவே அறுவடையில் மொத்தமாக வாங்கி, உமியோடு அடுக்கி, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் குற்றித்தான் அனுப்ப முடியும். தை மாதம் கொடுத்த பணம் ஆவணி வரை மூட்டைக்குள் கிடக்கும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலைக்கு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து, பெண்களின் உலக்கை வேலையைக் குறைத்தது. இயந்திரத்துக்கு மானியம் வாங்கிவிடலாம். அந்த ஏழு மாதத்துக்கு முடங்கும் பணத்துக்குப் பொறுப்பேற்க ஆள் கிடைப்பதுதான் கடினம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதைச் செய்யுமே என்று கேட்கலாம். 2020-இல் வந்த மத்தியத் திட்டம் இவற்றின் பங்கு மூலதனத்துக்கு ஈடாக உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வீதம், நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை தருகிறது. கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது 37 டன் தானியத்துக்குத்தான் காணும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் உண்டு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூட்டையை மலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, குற்றுவதற்கு மறுபடி மேலே ஏற்ற வேண்டுமென்றால் வட்டியில் மிச்சமானது வண்டிக்கூலிக்கே போய்விடும்.

பாலில் இந்த முடிச்சு ஏற்கெனவே அவிழ்ந்திருக்கிறது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு ஐரோப்பா பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் நன்கொடையாகக் கொடுத்தது. அவற்றை இலவசமாக வழங்கியிருந்தால் உள்ளூர்ப் பாலின் விலை சரிந்திருக்கும். மாறாக, நகரப் பால்பண்ணைகளில் பாலாக்கிக் காசுக்கு விற்று, வந்த தொகையைக் கொள்முதலிலும் குளிரூட்டும் நிலையங்களிலும் போட்டார்கள். கறவைமாட்டுக் கடன் மட்டும் கொடுத்திருந்தால் மாடு வந்திருக்கும், பாலை ஊற்ற இடம் இருந்திருக்காது. காலையில் ஊற்றிய பாலுக்கு எந்த நாளில் பணம் வரும் என்று தெரிந்ததால்தான் ஒற்றை மாடு வைத்திருக்கும் வீடும் சங்கத்தை நம்பியது.

தானியத்துக்கு அந்த நம்பிக்கையைத் தர வல்லது பள்ளிச் சமையலறை. பிரேசில் 2009-இல் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்றது. நம்மிடம் 1982 முதல் விரிந்த சத்துணவுத் திட்டமும் 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் உள்ளன. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். விதைக்கும்போதே உழவர் குழுவுக்கு எழுதித் தரும் கொள்முதல் ஆணை இருந்தால், அதையே ஈடாக வைத்து மத்தியக் கூட்டுறவு வங்கி கடன் தரலாம். சாமை அரிசியைவிட விலை கூடுதல் என்பார்கள். உண்மைதான். ஆனால் அரிசியின் கொள்முதல், கிடங்கு, போக்குவரத்து, வட்டி எல்லாவற்றையும் அரசு சுமந்த பிறகு நிற்கும் விலையோடு, எதையும் யாரும் சுமக்காத சாமையின் விலையை ஒப்பிடுகிறோம். இந்த ஒப்பீடு நியாயமில்லை. உள்ளூர் விளைச்சலால் சென்னைக்குச் சோறு போட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது பள்ளிக் கொள்முதலில் ஒரு பங்கு மட்டுமே.

கனமான மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது: மழை பொய்த்து, ஆணைப்படி தானியம் தர முடியாமல் போனால் யார் நட்டத்தை ஏற்பது? பிள்ளைகளின் தட்டு காலியாக இருக்கக் கூடாது. அந்த ஆண்டுக்கு நுகர்பொருள் வாணிபக் கழகத்து அரிசி உடனே அங்கே போக வேண்டும். வாங்கிய கடனை அடுத்த இரு விளைச்சலுக்கும் பிரித்து, அதற்கான வட்டியை மாநில அரசு ஏற்க வேண்டும். முழுத் தள்ளுபடியை நான் கேட்கவில்லை. கட்டியவரைத் தண்டித்துக் கட்டாதவருக்குச் சலுகை தரும் தள்ளுபடிகளால் கூட்டுறவுச் சங்கங்கள் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. ஈடாக நிற்கும் மூட்டைகளை அந்தந்த ஊர்க் கிடங்கிலேயே வைத்து, சாவி ஒன்று உழவர் குழுவிடமும் மற்றொன்று சங்கச் செயலாளரிடமும் இருக்கட்டும். பள்ளிக்குப் போன தானியத்துக்கான பணம் 10 நாளுக்குள் குழுவின் கணக்கில் ஏற வேண்டும். தாமதமானால் அந்த நாள்களுக்கான வட்டியைத் தானியம் வாங்கிய துறையே கட்ட வேண்டும் என்று ஆணையிலேயே எழுதிவிடலாம்.