சீழில் எதைத் தேடுகிறோம்? – மாநாட்டுத் தலைமை உரை

என்னினும் தகுதியுடையோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இந்த இருக்கை எனக்குக் கிடைத்தது பெருமைதான், கொஞ்சம் நடுக்கமும்தான். ‘நுரையீரல் உறைத் தொற்றில் அரிய பாக்டீரியாக்கள்’ என்பது மாநாட்டுப் பொருள். நியூமோகாக்கஸ் பற்றி இந்த அவைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நொகார்டியா, ஆக்டினோமைசிஸ், சால்மோனெல்லா ஆகியவற்றைப் பற்றி அடுத்தடுத்துப் பேச அறிஞர்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே பட்டியலை விட்டுவிட்டு ஒரே ஒரு வழக்கை வைக்கிறேன்: மெலியாய்டோசிஸை உண்டாக்கும் பர்க்கோல்டீரியா சூடோமாலை நம் எம்பயீமா (நுரையீரல் உறையில் சீழ்) நோயாளிகளிடம் அரிதாகத் தென்படுவதற்கு, அதைத் தேடும் முறையே பெருங்காரணம்.

உறைத் தொற்றில் வழக்கமான கல்ச்சர் ஏறக்குறைய பத்தில் நான்கு பேரிடம் எதையும் வளர்த்துக் காட்டுவதில்லை. நோயாளியின் படுக்கையருகிலேயே திரவத்தை ரத்தக் கல்ச்சர் புட்டியிலும் செலுத்தினால் விளைச்சல் கணிசமாகக் கூடுகிறது என்று 2011இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. கிருமி வளரவில்லை என்பதால் கிருமியே இல்லை என்று ஆகிவிடாது. நம் ஊரிலோ அந்த வெற்றிடத்தைக் காசநோய் நிரப்பிவிடுகிறது. உறைத் திரவத்தில் ஏ.டி.ஏ. (அடினோசின் டீஅமினேஸ்) அளவு 40ஐத் தாண்டியதும் காசநோய் மாத்திரை தொடங்கிவிடுகிறது. சாதாரண பாக்டீரியா எம்பயீமாவிலும் ஏ.டி.ஏ. உயரும், நியூட்ரோஃபில் மிகுந்த சீழில் அந்த எண்ணைத் தனியே நம்ப முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செல் எண்ணிக்கையைப் பாராமல் கையெழுத்திடுகிறோம்.

பர்க்கோல்டீரியா சூடோமாலையை முதலில் விவரித்தது ரங்கூனில் பணிபுரிந்த விட்மோரும் கிருஷ்ணசாமியும். 1912இல் அவர்கள் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’டில் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் பலர், படித்தோர் சிலர். (நோய்க்கு விட்மோர் பெயரை மட்டும் சூட்டியவர்கள் கிருஷ்ணசாமியை எங்கே விட்டார்கள் என்பதை வரலாற்று அமர்வு விசாரிக்கட்டும்.) பிணப் பரிசோதனையில் நுரையீரலிலும் மற்ற உறுப்புகளிலும் கண்ட சீழ்க்கட்டிகள் கிளாண்டர்ஸ் நோயை நினைவூட்டின. அதையே பெயராக எழுதி அவர்கள் கோப்பை மூடிவிடவில்லை. கிருமியின் அசைவையும் வளர்ச்சி வேகத்தையும் சோதித்து, இது வேறு என்று நிறுவினார்கள். இன்று தானியங்கிக் கருவிகள் வைத்திருக்கும் நாமோ ‘சூடோமோனாஸ் வகை’ என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறோம். கருவியே சில சமயம் இதைப் பர்க்கோல்டீரியா செபாசியா என்று சொல்லிவிடுகிறது. ஆக்சிடேஸ் சோதனையில் நேர்மறை, ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமை, கோ-அமாக்சிக்ளாவுக்கு இணக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால், மறுப்பு வரும்வரை மெலியாய்டோசிஸ் என்றே கொள்ள வேண்டும். கல்ச்சர் தட்டை உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்கு மாற்றவும் வேண்டும். கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை.

சரியாகத் தேடாததால்தான் இக்கிருமி அரிதாகத் தெரிகிறது என்ற வழக்குக்கு எதிர்வாதம் உண்டு என்பதை அறிவேன். அதை வலுவாக முன்வைத்த மூத்த நண்பர்கள் இங்கேயே இருக்கிறார்கள். உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய், அதில் 44 விழுக்காடு தெற்காசியாவில் என்ற 2016 மதிப்பீடு வெறும் கணித மாதிரி என்பார்கள். உண்மை. அந்த எண்ணின்மேல் நான் எதையும் கட்டவில்லை. வேலூரிலிருந்தும் மணிப்பாலிலிருந்தும் நோயாளித் தொகுப்புகள் வந்திருப்பதைத்தான் சுட்டுகிறேன். பெரிய மருத்துவமனைகளுக்குக் கடினமான நோயாளிகள் வந்து குவிவதே காரணம் என்பது அடுத்த மறுப்பு. ஓரளவு இருக்கலாம். ஆனால் இந்நோய்க்கு வழிவகுக்கும் நீரிழிவும் வயல்சேறும் பருவமழையும் அந்த இரண்டு ஊர்களோடு நின்றுவிடுவதில்லை. தேடாத ஆய்வகத்தின் பூஜ்யத்தை, தேடிய ஆய்வகத்தின் எண்ணோடு சமமாக நிறுத்துவது எந்தக் கணக்கு?

எந்தக் கிருமியாயினும் சீழை வடித்தால் போதும் என்போருக்கு ஒரு சொல். வடித்தல் இன்றியமையாதது, ஐயமில்லை. ஆனால் வழக்கமாக ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமிக்குப் போதாது. குறைந்தது இரண்டு வாரம் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம், பிறகு மூன்று மாதமாவது கோ-டிரைமாக்சசோல் வேண்டும். காசநோய் மருந்தால் அந்த இடத்தை ஈடுகட்ட முடியாது. ஆகவே, பிற்பகல் அமர்வில் ஏ.டி.ஏ. பற்றிப் பேசவிருக்கும் அன்பர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நியூட்ரோஃபில் விழுக்காட்டையும் திரையில் காட்ட வேண்டும் என்று, தலைவர் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன்.