பிறப்பைக் கேட்கும் பிரஜா உரிமை



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், கரிபியன் கடலில் இருக்கும் குவாதலூப் என்ற தீவைப் பற்றியதாகும். "அந்தத் தீவுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். சம்பந்தம் உண்டு. அது பின்னால் வரும். கொஞ்சம் பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறோம்.

1635ல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவைப் பிடித்தார்கள். கரும்பு போட்டார்கள். கரும்பு வெட்டவும் சர்க்கரை காய்ச்சவும் ஆப்பிரிக்க மக்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டு வந்து, சந்தையில் மாடு விற்பது போல் விற்றார்கள். ஏதோ கொள்ளைக் கூட்டத்தார் அரசாங்கத்துக்குத் தெரியாமல் செய்த காரியம் இது என்று எண்ணி விடாதீர்கள். 1685ல் பதினான்காம் லூயி என்ற அரசன் இதற்கென்றே ஒரு சட்டம் செய்து கொடுத்தான். 'கறுப்பர் சட்டம்' என்பது அதன் பெயர். அந்தச் சட்டப்படி அடிமை என்பவன் மேசை நாற்காலியைப் போல் ஒரு ஜங்கம சொத்து. ஒரு மாதம் ஓடிப் போயிருந்தால் இரண்டு காதையும் அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். மறுபடியும் ஓடினால் கால் நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை ஓடினால் கொலைத் தண்டனை. இவ்வளவும் எழுதின அதே சட்டம், ஒவ்வொரு அடிமைக்கும் கட்டாயம் ஞானஸ்நானம் செய்து வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆத்மாவுக்கு மோட்சமாம், முதுகுக்குச் சவுக்காம்! நம் நாட்டு மதக்காரர்கள் மாத்திரம்தான் இந்த வித்தையில் கெட்டிக்காரர்கள் என்று நாம் இதுவரை கருதியிருந்தோம்.

அந்தச் சட்டத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விதி வேறொன்று. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் சுதந்திரமுள்ளவனாய் இருந்தாலும், ஏன், எஜமானனே தகப்பனாய் இருந்தாலும் அப்படித்தான். மனிதன் என்ன செய்தான் என்று கேட்பதில்லை. எந்த வயிற்றில் பிறந்தான் என்று மாத்திரமே கேட்பது. இந்தக் கேள்வி உங்களுக்குப் பழக்கமான கேள்விதானே, தோழர்களே!

1789ல் பாரிசில் புரட்சி வந்தது. மனிதர் எல்லோரும் பிறப்பால் சமம் என்று பிரகடனம் செய்தார்கள். ஆனால் கரும்புத் தோட்டத்தில் இருந்தவனைப் பற்றி மூச்சு விடவில்லை. 1791ல் பக்கத்துச் செந்தொமேங்குத் தீவின் அடிமைகள் தாங்களே கிளம்பித் தோட்டங்களைக் கொளுத்தின பிறகுதான் பாரிசுக்காரர்களுக்கு ஞானோதயம் உண்டாயிற்று. 1794 பிப்ரவரி 4ல் அடிமைத்தனம் ஒழிந்தது என்று சட்டம் செய்தார்கள். குவாதலூப் மக்களும் விடுதலையாகி, துப்பாக்கி பிடித்துப் பிரான்சுக்காகவே இங்கிலீஷ்காரர்களோடு சண்டை போட்டார்கள்.

எட்டே வருஷம். 1802ல் நெப்போலியன் பட்டாளத்தை அனுப்பி, கொடுத்த விடுதலையைத் திருப்பிப் பிடுங்கிக் கொண்டான். கலப்பு இனத்தவரான டெல்கிரேஸ் என்ற அதிகாரி அதற்கு இணங்காமல் எதிர்த்து நின்றார். மே 28ந் தேதி மத்தூபா என்ற இடத்தில், இனித் தப்ப வழியில்லை என்றான பின், தம்முடன் இருந்த சில நூறு பேருடன் வெடிமருந்துக்கு நெருப்பு வைத்து மாண்டார். அதே கலகத்தில் சொலித்யூத் என்ற கர்ப்பிணி பிடிபட்டாள். பிரசவம் ஆகும் வரை வைத்திருந்து, பிறகே அவளுக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள் என்று அந்நாட்டுச் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். இதை இரக்கம் என்று எண்ணுகிறவர்கள் மேலே சொன்ன விதியை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை ஒரு சொத்தல்லவா?

பிறகு 1848ல்தான் முடிவாக அடிமைத்தனம் ஒழிந்தது. குவாதலூப்பில் சுமார் 87,000 பேர் விடுதலை பெற்றார்கள். ஆண்களுக்கு ஓட்டும் கிடைத்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1849ல் ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் செய்தார்கள். யாருக்கு நஷ்டஈடு? தலைமுறை தலைமுறையாய்க் கூலியில்லாமல் உழைத்தவனுக்கா? இல்லை. அடிமையை இழந்த எஜமானுக்கு! ரொக்கமாகவும் கடன் பத்திரமாகவும் கொடுத்தார்கள். அடிபட்டவனுக்குச் செப்புக் காசு கூட இல்லை.

எஜமானுக்குப் பணம் வந்தது. ஆனால் குறைந்த கூலிக்கு முதுகு வளைக்க ஆள் வரவில்லை. என்ன செய்தான்? இங்கேதான் நம்முடைய சம்பந்தம் வருகிறது. 1854 டிசம்பரில் 'ஓரெலி' என்ற கப்பல் நம்மவர்களை ஏற்றிக் கொண்டு அந்தத் தீவில் போய் இறங்கிற்று. புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், பின்னால் இங்கிலீஷ் சர்க்காரோடு செய்து கொண்ட உடன்படிக்கையின் பேரிலும், 1880களின் கடைசிக்குள் ஏறக்குறைய 42,000 இந்தியர்கள் போனார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று கைநாட்டு வாங்கினார்கள். ஊர் திரும்பினவர்கள் சிறு பகுதியே. மற்றவர்கள் அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே மண்ணானார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஆன்றி சிதம்பரம். 1863ல் அங்கே பிறந்தவர். பிரெஞ்சுக்காரன் நாக்கில் புகுந்து அந்தப் பெயர் 'சிதம்பரோம்' என்று ஆகிவிட்டது. (தில்லைக் கூத்தன் கப்பலேறிப் போய் ஒருவருக்கும் ஒப்பந்தத்தைக் கிழித்துக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.) 1904ல் கவர்னர் தரப்பார், இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்காளர் ஜாப்தாவில் இடமில்லை என்று வழக்குக் கிளப்பினார்கள். அங்கே பிறந்து, அங்கே வளர்ந்து, அந்த ஊர்ப் பாஷை பேசி, அங்கே வரி கட்டுகிறவனைப் பார்த்து, "உன் தகப்பன் எந்த ராஜாவின் பிரஜை?" என்று கேட்டார்கள். முன்பு தாயின் வயிற்றைக் கேட்டான், இப்போது தகப்பனின் ஊரைக் கேட்டான். அடிமைச் சட்டம் செத்த பிறகும் அதன் கேள்வி சாகவில்லை பாருங்கள்!

சிதம்பரம் விடவில்லை. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, 19 வருஷம் எழுதினார், வாதாடினார். 1923ல் பிரான்சின் பிரதம மந்திரி புவான்கரே, அங்கே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பிரஜைகளே என்று ஒப்புக் கொண்டார். ஓட்டும் வந்தது, கூடவே பட்டாளத்தில் சேர வேண்டிய கடமையும் வந்தது.

ஒரு தோழர் சீட்டு எழுதிக் கேட்டிருக்கிறார்: "விடுதலையான கறுப்பர்கள் நம்மவர்களைத் தழுவிக் கொண்டார்களா?" என்று. உள்ளதைச் சொல்லுகிறோம். நம்மவர்கள் வந்து கூலியைக் கெடுத்தார்கள் என்ற கசப்பு அவர்களுக்கு இருந்தது. கசப்பு நியாயமானதே. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் தவறு. கூலியைக் குறைத்தவன் தோட்ட வீட்டுத் திண்ணையில் சௌக்கியமாய் உட்கார்ந்திருந்தான்.

முன் வரிசையிலிருந்து ஒரு அம்மையாரும் கேட்கிறார்: "சிதம்பரம் வாங்கின ஓட்டு பெண்களுக்கும் உண்டா?" இல்லை, அம்மா. 1848லும் இல்லை, 1923லும் இல்லை. கறுப்பிக்கும் இல்லை, தமிழச்சிக்கும் இல்லை, பாரிசில் இருந்த வெள்ளைக்காரிக்கும் இல்லை. 1944ல்தான் உத்தரவு போட்டார்கள், 1945ல்தான் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த வருஷமே குவாதலூப்பிலிருந்து கெர்டி ஆர்ச்சிமேட் என்ற கறுப்பு இனப் பெண் வக்கீல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பாரிஸ் சட்டசபையில் போய் உட்கார்ந்தார்.