ஓடாத காரின் பிரேக்



தோட்டத்து லயங்களின் ஓரத்திலும், பாக்கார் ஆராங் வட்டாரத்துத் தாமான் வீடுகளின் முன்னாலும் பல நாள் அசையாமல் நிற்கும் கார்களை நாம் பார்க்கிறோம். மகன் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறான். கார் வீட்டில் நிற்கிறது. பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அவர் காரும் நிற்கிறது. ஒரு நாள் நடுநிசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சாவியைத் திருகுகிறோம். எஞ்சின் ஓடுகிறது, கியரும் விழுகிறது, கார் மட்டும் நகர மறுக்கிறது. பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுப்பதுபோல் குந்திக்கொள்கிறது.

2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கார்கள் வாரக்கணக்கில் நின்றன. இடையில் தளர்ந்த கட்டுப்பாடு 2021இல் மீண்டும் இறுகியது. அந்த ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதிதான், தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் மாநில எல்லை கடந்து போக அனுமதி கிடைத்தது. அப்போது பேட்டரியைப் பற்றிப் பேசிய அளவுக்கு பிரேக்கைப் பற்றி நாம் பேசவில்லை. பேட்டரி இறங்கினால் கார் கிளம்பாது, அவ்வளவுதான். பிரேக் கெட்டால், கிளம்பிய கார் நிற்காமல் போகலாம்.

பிரேக் ஏன் ஒட்டிக்கொள்கிறது? பால்மரம் சீவும் கத்தியை ஈரத்தோடு போட்டுவிட்டால் காலையில் செந்நிறமாகத் துரு பூத்திருப்பதை நாம் அறிவோம். காரிலும் அதுவேதான். நம்மில் பலர் ஓட்டும் சிறிய கார்களின் பின்சக்கரங்களில் வார்ப்பிரும்பு டிரம் இருக்கிறது. கை பிரேக்கை இழுத்தால் உள்ளே இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மை அழுத்திப் பிடிக்கின்றன. மழையில் ஓட்டி வந்தோ, காரைக் கழுவியோ, அந்த ஈரம் காயுமுன் கை பிரேக்கை இழுத்து விட்டுவிட்டால், லைனிங்குக்கும் இரும்புக்கும் இடையே துரு வளர்ந்து இரண்டையும் பசைபோல் பிணைத்துவிடுகிறது. கை பிரேக் கம்பியும் அதன் உறைக்குள் துருப்பிடித்து இறுகலாம். கெடாவில் தீபாவளியை ஒட்டிய மாதங்கள் நல்ல மழைக்காலம் என்பதை மறக்கக்கூடாது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் ஆவியும் இரும்பை அரிக்கும். அந்தக் கலன்களுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாமல் இருப்பது நல்லது.

இரவு மழைக்குப் பிறகு முன்சக்கரத்து டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்து, முதல் இரண்டு மூன்று மிதியில் கரகரவென்று சத்தம் வந்து மறைந்தால் பயப்பட வேண்டாம்.

சக்கரம் இறுகிவிட்டால் என்ன செய்வது? முதலில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கை பிரேக்கை முழுவதும் இறக்க வேண்டும். பிறகு கட்டையை எடுத்து, சமதரையில், முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். ‘டக்’ என்று சத்தம் கேட்டு விடுபடுவதும் உண்டு. விடவில்லையென்றால் எஞ்சினை அலறவிட்டு இழுக்கவே கூடாது. லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் கிடக்கும். கார் ஓடும், பிரேக் பிடிக்காது. அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மலிவு. ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது.

மண்ணெண்ணெய் ஊற்று, சமையல் எண்ணெய் ஊற்று என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்லுவார். கேட்க வேண்டாம். எண்ணெய் குடித்த லைனிங் வழுக்கும். டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கார் நகர்ந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. பாதி ஒட்டிய பிரேக் ஓடும்போது உரசிக்கொண்டே சூடேறும். கார் கனமாக இழுக்கும், ஒரு பக்கம் சாயும், கருகிய வாடை வரும். பாக்கார் ஆராங் என்றால் மலாயில் கரி சுடுதல். அந்த வேலையை நம் சக்கரம் செய்ய வேண்டாம்! இந்தச் சூடு பிரேக் எண்ணெயைக் கொதிக்க வைத்தால், மிதி பஞ்சுபோல் தரை வரை இறங்கிவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 பாகைதான். அதனால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். குறைகிறதே என்று எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ‘கப்’புகள் ஊதிக் கெடும். பெட்ரோலில் விழுந்த ரப்பர் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டுமா?

பல நாள் நிறுத்தப்போகும் காரை, வீட்டை நெருங்கும்போது நாலைந்து முறை மெல்லப் பிரேக் பிடித்து ஓட்டி, ஈரத்தைக் காயவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துங்கள். புல்தரை வேண்டாம், சமமான காய்ந்த இடமே வேண்டும். கியரில் போட்டு, ஆட்டோ கார் என்றால் ‘பி’யில் வைத்து, சக்கரங்களின் இரு பக்கமும் கட்டை கொடுத்தபின் கை பிரேக்கை இறக்கிவிடலாம். சரிவான இடத்தில் இப்படிச் செய்யக்கூடாது. வாரம் ஒரு முறை நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடுவது பிரேக்குக்கு எந்த உதவியும் செய்யாது. சாலையில் சில மைல் ஓட்டிப் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஓட்ட ஆளில்லாத வீட்டுக்காரர், லைசன்ஸ் உள்ள சொந்தக்காரர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, சாலைவரியும் காப்புறுதியும் முடியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்பலாம். திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் வீசினால், அந்தச் சக்கரத்தை மறுநாளே பட்டறையில் காட்டுங்கள்.